முன் அனுபவம்: இல்லை

“மெதுவாம்மா, மெதுவா! ஒவ்வொரு காயா எடுத்து, கண்ணால பார்த்து, அப்புறம்தான் போடணும். திரையில அந்தம்மா எவ்வளவு நிதானமா செய்றாங்க பாருங்க!”

சுருளியம்மாள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

அதற்குள் குவியலில் பாதி பிரிந்துவிட்டிருந்தது. பெரிய காய் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், வெடித்ததும் வெளுத்ததும் தனியாக. பாழாய்ப்போன கை, சொன்ன பேச்சைக் கேட்டால்தானே.

சிலமலை சமுதாயக்கூடத்தில் அன்று பயிற்சியின் மூன்றாம் நாள், கடைசி நாள், தேர்வு நாள். ஏலக்காய் வாசனையிலேயே புரண்டு வளர்ந்த பெண்களுக்கு ஏலக்காயை அறிமுகம் செய்துவைக்கக் கோயம்புத்தூரிலிருந்து கார் பிடித்து வந்திருந்தாள் பயிற்சியாளர் கலையரசி.

நல்ல பெண். முதல் நாள் காலை முழுக்க, நல்ல ஏலக்காய் பச்சையாக இருக்கும் என்று பாடம் எடுத்தாள்.

பத்துப் பெண்களும் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டார்கள். முந்தின நாளே கோயில் வாசலில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

திட்டத்தின் விதி அப்படி. தொழில் தெரியாத பெண்களுக்கு மட்டுமே அதிகாரம் அளிக்கப்படும். பத்துப் பேரும் தேறினால், ஊரிலேயே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு காய் பொறுக்கும் கூடம். ஒருத்திக்கு முன்பே தொழில் தெரியும் என்று வெளிப்பட்டாலும் கூடம் வேறு ஊருக்குப் போய்விடும்.

அதனால் விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதினார்கள். சுருளியம்மாளின் ‘இல்லை’க்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

கூடம் வந்தால், விடியலில் பதினெட்டுப் பேரோடு ஜீப்பில் நசுங்கிக்கொண்டு, மலைக்குக் காய் பொறுக்கப் போடிமெட்டு வளைவுகளில் ஏற வேண்டாம். போன வைகாசியில் ஏறிய ஒரு ஜீப்பு திரும்பவில்லை. அதில் அவள் தங்கச்சி இருந்தாள்.

இப்போது கலையரசி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

“நமக்கெல்லாம் அந்தம்மா மாதிரி வருமா டீச்சர்? ஏதோ வெரசா முடிச்சிட்டா சோலி தீந்துச்சேன்னு பார்த்தேன்” என்றாள் சுருளியம்மாள்.

இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். அரிவாள்மனை வெட்டிவிட்டதாக முதல் நாளே சொல்லியாயிற்று. கலையரசி ஆசையாக முதலுதவிப் பெட்டியைத் திறந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

திரையில் ஓடிய பயிற்சிப் படத்தில் முகமில்லாத இரண்டு கைகள், பெண் பார்க்க வந்த வீட்டார் போல ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தன. சுருளியம்மாளும் பார்த்தாள். ஒரு காயை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், யோசித்தாள், வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாறி, வைத்தாள்.

கலையரசிக்குக் கண் கலங்கிவிட்டது. ‘மிக நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினாள்.

திரையில் கைகள் இன்னும் கிட்டத்தில் வந்தன. இடது கட்டைவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

போன வருஷம், சுருளியம்மாள் காய் பொறுக்கும் மலை ஸ்டோருக்குப் படம் பிடிக்க வந்தவன், வேகமாகச் செய்தால் கேமராவில் தெரியாது, மெதுவாக, மெதுவாக என்று அரை நாள் அவள் உயிரை எடுத்திருந்தான்.

சுருளியம்மாள் விரலில் இருந்த துணியை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டாள்.