ஒன்பதாவது மினி பஸ்

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நிக்கானோரைக் காணவில்லை.

செனோபியா உள்ளங்கையில் ஒரு தகர மினி பஸ்ஸை வைத்துக்கொண்டு, சாம்பிராணி போடும் பெரியவர் முன் வரிசையில் நின்றாள்.

பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஜனவரி இருபத்துநாலாம் தேதி ஊரே இந்தச் சந்தையில்தான் கிடக்கும். வருடத்துக்குள் எது கிடைக்க வேண்டுமோ, அதை விரலளவில் வாங்கி, உச்சிவேளை மணி அடிக்கும்போது புகை காட்ட வேண்டும். வீடு, கோழி, பாஸ்போர்ட், படிப்புப் பட்டம் எல்லாமே பொடிசாக விற்பார்கள். தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது. வேண்டியவர்கள் வாங்கித் தர வேண்டும்.

எட்டு வருடமாக அவள் கணவனுக்கு மினி பஸ் வாங்கித் தருகிறாள். எட்டும் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. நிக்கானோர் இன்னும் அடுத்தவன் பஸ்ஸைத்தான் நாள் வாடகைக்கு ஓட்டுகிறான்.

இந்த வருடம் அப்படியில்லை. நிஜ பஸ்ஸுக்கு முன்பணம் சேர்ந்துவிட்டது.

சேர்ந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆஸ்பத்திரி விவகாரம் வந்து தொலைத்தது.

செனோபியா கடைவீதியில் மேசை போட்டு செல்போனும் டிவியும் ரிப்பேர் பார்ப்பவள். போன மாதம் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டி ஒன்று நின்றுபோக, யாரோ சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஓட வைத்தாள்.

"இங்கயே வேலைக்கு வந்துடும்மா. மூணு வருஷ எலக்ட்ரானிக்ஸ் பட்டம் ஒண்ணு மட்டும் வேணும்" என்றார் நிர்வாகி.

மாலைக் கல்லூரி. மூன்று வருடம். கட்டணத்தைக் கேட்டால், ஏறக்குறைய பஸ் முன்பணம் அளவுக்கு இருந்தது.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் பண்டிகையன்று சாயங்காலம் கணக்குப் போட உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கட்டணம், சாயங்கால வியாபாரம், அவளுடைய முப்பத்தாறு வயது. மறுபக்கம் மாதச் சம்பளம், மழை ஒழுகாத ஒரு மேசை.

மறுநாள் காலையில் நிக்கானோர் 'பஸ் பேப்பருக்கு வேணும்' என்று அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப்போனான். பாவம், பஸ் மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறான் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாளே முடிவு தெரிந்துவிட்டது. பஸ்தான். ரிப்பேர் மேசையைத் தன் தலையில் சுமந்து வந்து கடைவீதியில் இடம் பிடித்துக் கொடுத்தவன் அவன். அவனுக்கு இதைக்கூடச் செய்யவில்லை என்றால் அவள் என்ன மனுஷி.

அவன்தான் விடவில்லை. தினமும் எதிரில் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஏதாவது சொல்வான். போகவர ஆகும் செலவை விட்டுவிட்டாயே, மறுபடி கூட்டு. முட்டை விலை ஏறிவிட்டது, மறுபடி கூட்டு.

இழு இழு என்று இழுத்துவிட்டு, முந்தாநாள் சாயங்காலம் திடீரென்று பென்சிலைக் கீழே வைத்தான். உன் இஷ்டம் என்று எழுந்துவிட்டான்.

கல்லூரிச் சேர்க்கை நாளையோடு முடிகிறது. முடியட்டும்.

ஒரு நிமிடம் இருக்கும்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். தீப்பெட்டி அளவுக்கு மடித்த ஒரு காகிதத்தைப் பெரியவரின் தட்டில் வைத்தான்.

"ஐயா, இதுக்கும் சேர்த்துப் போடுங்க."

செனோபியாவுக்குப் புரிந்துவிட்டது. சந்தையில் விற்கிற பொடிப் பட்டம். மனசு கேட்காமல் வாங்கி வந்திருக்கிறான்.

"எதுக்கு இதெல்லாம்? பஸ்ஸுன்னு பேசி முடிச்சாச்சே."

"வீட்டுல ஏற்கெனவே எட்டு நிக்குது. ஒம்பதாவதை நிறுத்த இடம் எங்க இருக்கு?"

கோயில் மணி அடித்தது. பெரியவர் இரண்டையும் புகையில் சுற்றினார், ஒயின் தெளித்தார், மஞ்சள் பூவிதழ்களைத் தூவினார். பஸ்ஸை அவனிடமும் காகிதத்தை அவளிடமும் கொடுத்தார்.

பிரித்தாள். இன்னொரு மடிப்பு இருந்தது. அதைப் பிரித்தாள். மறுபடியும் ஒன்று.

இந்தச் சந்தையில் இவ்வளவு பெரிய காகிதம் யாரும் விற்பதில்லை.

கல்லூரி ரசீது. அசல் முத்திரை. அவள் பெயர், அவள் அடையாள எண். மூன்று வருடக் கட்டணமும் செலுத்தப்பட்டது. ஒரு மூலையில் ஒயின் ஊறிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது.

"உனக்குப் பைத்தியமா? ஓடு. இப்பவே போய்ப் பணத்தைத் திருப்பி வாங்கிட்டு வா."

நிக்கானோர் பஸ் கூரையில் ஒட்டியிருந்த பூவிதழை ஊதிக்கொண்டிருந்தான்.

"கடைசி வரியைப் படி."

பொடி எழுத்தில் இருந்தது. பணம் கட்டிய நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குப் பின் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.

தேதியைப் பார்த்தாள். ஜனவரி ஏழு.

விரல் விட்டு எண்ணினாள். பதினைந்தாம் நாள் முந்தாநாளோடு முடிந்திருந்தது. அவன் பென்சிலைக் கீழே வைத்த நாள்.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கையிலிருந்த பஸ்ஸை வெடுக்கென்று பிடுங்கிப் பெரியவரிடம் நீட்டினாள்.

"இதுக்கு இன்னொரு தடவை போடுங்கய்யா. நல்லாப் போடுங்க."