அஞ்சு நிமிஷ வண்டி

"பிளக்குதான்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் வக்கீல்.

"அன்னைக்கு கார்புரேட்டர்னு சொன்னது யாரு, உங்க தம்பியா?" என்றார் கணக்கு வாத்தியார்.

மாடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டான். ஆறு நாள் பட்டறையில் கேட்கிற சத்தம், ஏழாம் நாளும் ஜன்னலுக்குக் கீழே. இது நான்காவது ஞாயிறு.

கீழ்வீட்டுப் பெரியவரின் பைக் அஞ்சு நிமிஷம் ஓடும், நின்றுவிடும். வக்கீல் பிளக்கைத் துடைப்பார். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க்கைத் திறந்து பார்த்து மூடுவார். வண்டி கிளம்பும். வக்கீல் வென்றார். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி நிற்கும். வாத்தியார் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவார், அவரும் டேங்க்கைத் திறந்து பார்ப்பார். வாத்தியார் வென்றார். மதியம் வரை இப்படியே மேல்முறையீடு.

பெரியவர் சலிக்காமல் டீ கொண்டுவருவார். மனைவி போனபின் ஆறு மாதம் கதவு திறக்காத வீடு, இப்போது ஞாயிறானால் டீக்கடை.

"தொழில்காரர் மேலதான் இருக்காரு. இறங்கி வந்தா கிரீடம் கழண்டுடும்போல." வக்கீலின் குரல் மாடிக்கென்றே உயர்ந்தது.

"போய்த்தான் தொலைங்களேன்" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "ரெண்டு நிமிஷ வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க? முடிச்சுட்டு வந்து நிம்மதியாத் தூங்குங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

பிளக்கை அவன் சட்டை செய்யவில்லை. நேராக டேங்க் மூடியைக் கழற்றினான். அதில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. வண்டி மூச்சுமுட்டி நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் கொஞ்ச தூரம் ஓடும். தூசு அடைத்திருக்கும், ஊதினால் தீர்ந்தது.

தூசு இல்லை. சோப்பு. ஈரம்கூடக் காயவில்லை. யாரோ நகத்தால் அழுத்தி, பக்குவமாக வழித்துவிட்டிருந்தார்கள்.

நிமிர்ந்தான். பெரியவர் டீத்தட்டோடு நின்றார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் வாத்தியார்.

மெக்கானிக் மூடியை அப்படியே திருகி மூடினான்.

"எனக்குப் பிடிபடலை சார்."

"இருபது வருஷமாக் கடை வச்சிருக்க!" வக்கீல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நல்லா வச்சிருக்க!"

"ஆமா சார்." மெக்கானிக் தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "இனிமே ஞாயித்துக்கிழமை நானும் வரேன். நாலு பேரு சேர்ந்து பாத்தாத்தான் இது ஆகும்."