எட்டிப் பார்க்க முடியாத திரை

பக்கவாட்டில் நின்று பார்த்தால், அந்தப் பெண்ணின் லேப்டாப் திரை ஒரே கறுப்பாகத் தெரிந்தது. ஓஹோ, அடுத்தவன் எட்டிப் பார்க்காமலிருக்க ஒட்டுவார்களே, அந்தப் படலம் என்று அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நேராக உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் எழுத்து தெரியும். பயணிகளின் பையைத் தூக்குவதில் பதினோரு வருட அனுபவம், இதுகூடத் தெரியாதா என்ன?

அடேங்கப்பா, என்ன முன்ஜாக்கிரதை! திரைக்கு இவ்வளவு காவல் போட்ட மகராசி, கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் கேட்பாரில்லாமல் போட்டிருந்தாள்.

ஆனாலும் அவன் உடனே நெருங்கவில்லை. சிறையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "இன்னொரு தடவை மாட்டினீங்க, எங்களை மறந்துடுங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

இன்றைக்கும் வேலை கேட்கப் போவதாகச் சொல்லித்தான் கிளம்பினான். கேட்கவும் செய்தான். மூன்று இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். கால் தானாக இந்தப் பேருந்து நிலையக் காத்திருப்பு அறைக்கு வந்துவிட்டது.

அவளுக்குப் பின்வரிசையில், இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான். அவள் லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். ஜன்னல் வெயில் கூசுகிறது போலிருக்கிறது.

செல்போன் அதிர்ந்தது. மகள்.

"அப்பா, வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சிடும்டி கண்ணு."

"எப்ப வருவீங்க? நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்."

"அம்மாவைப் படுத்தாம சாப்பிடு. அப்பா இதோ வந்துடறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டான். பேசாமல் போய்விடலாமா? வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஒலிபெருக்கி அலறியது. ஏதோ ஒரு பேருந்து கிளம்பப் போகிறதாம். பெட்டியும் மூட்டையுமாகக் கூட்டம் வாசலை அடைக்க, அங்கே நின்ற காவலாளி அவர்களை அதட்டப் போய்விட்டார். அவள் மட்டும் அசையவில்லை. திரையை லேசாகச் சாய்த்துக்கொண்டு அதிலேயே கண்ணாக இருந்தாள்.

இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது. அவன் ஒரு நாற்காலி நகர்ந்தான். இன்னொன்றும் நகர்ந்தான். சோம்பல் முறிப்பவனைப்போலச் சாய்மானத்துக்கு மேலே கையை நீட்டினான்.

விரல் பையின் வாரைத் தொட்டது. மெல்ல இழுத்தான். சத்தமில்லாமல் கூடவே வந்தது பை.

அவள் திரும்பவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அதை அங்கேயே வெச்சிட்டு வீட்டுக்குப் போங்கண்ணே. பொண்ணு சாப்பிடாம இருக்கு."

வார் விரலிலிருந்து நழுவியது.

"அம்மா... நீங்க தலையையே தூக்கலையே! வந்ததுலேர்ந்து லேப்டாப்பைத்தானே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"சார்ஜ் போய் ஒரு மணி நேரமாச்சுண்ணே. அதுல நீங்கதான் தெரியறீங்க."