துரைசானி கேட்ட பாட்டு

“பட்டுச் சேலை குடுத்தா பாடுறோம். முகத்துக்கு முக்காடும் வேணும்,” என்றாள் திரௌபதி.

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பழவேற்காட்டுக் கோட்டையில் துபாஷி. டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் சொல்வதை ஊராருக்கும், ஊரார் சொல்வதை ஒல்லாந்தருக்கும் மொழிபெயர்க்கிற உத்தியோகம்.

கவர்னரின் மனைவியான துரைசானி, ஏரிக்கரையில் பல்லக்கில் போகும்போது திரௌபதியும் மற்றக் கோட்டைக்குப்பத்துப் பெண்களும் வலை இழுத்துக்கொண்டே பாடியதைக் கேட்டுவிட்டாள். அதே பாட்டு, கப்பல் வந்ததும் நடக்கப்போகும் விருந்தில் வேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

“முக்காடு இன்னாத்துக்கு?”

“ஒல்லாந்தன் முன்னால இந்தப் பாட்டப் பாடிட்டு, ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிக்கினு நடமாடுறது? சேலையும் கொஞ்சம் கூடவே குடுக்கச் சொல்லுங்க சாமி. கிழிஞ்சா மாத்திக்கணும் இல்ல.”

அவள் கேட்டதில் தப்பில்லை. அது ஒல்லாந்தரைத் திட்டுகிற பாட்டு. கோட்டைக்குப்பம் உள்படக் கரையோரத்து ஊர்களில் ஆட்களைப் பிடித்துக் கோட்டைக் கிடங்கில் அடைத்து, கப்பல் வரும்போது கடல் கடந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிக்கொண்டிருந்த காலம்.

*வலைய வீசப் போன மச்சான் ஏலேலோ*
*வலையிலதான் மாட்டிக்கினான் ஏலேலோ*
*கப்பக்காரன் வயித்துக்குள்ள ஏலேலோ*
*காணாமப் போயிட்டானே ஏலேலோ*

“இதற்கு என்ன பொருள்?” என்று துரைசானி கேட்டாள்.

“காதல் வலையில் சிக்கிய மீனவனை நினைத்து ஒரு பெண் பாடுகிறாள், அம்மணி,” என்றார் மாசிலாமணி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். துரைசானி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. கோட்டை முற்றத்தில் பலகை மேடை எழுந்தது. ஒரு படகுக்குச் சக்கரம் மாட்டி ஜிகினா ஒட்டினார்கள். காகித நிலா ஒன்றைக் கப்பிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். நாலாபுறமும் நிலைக்கண்ணாடி வைத்தார்கள். ஏலேலோ வரும் இடத்திலெல்லாம் பிடில் வாசிக்க ஆள் ஏற்பாடாயிற்று.

ஒத்திகைக்குப் படகேற வந்த திரௌபதியைத் துறையில் ரங்கம்மாள் மறித்தாள். அவளும் அதே குப்பம்தான்.

“எங்க வயித்தெரிச்சலப் பாட்டாக் கட்டினா, நீ பட்டு கட்டிக்கினு அவன் முன்னாலயே ஆடப் போறியாடி? தூ!”

திரௌபதி அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ரங்கம்மாளின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிவிட்டுப் படகேறினாள். அடுத்த ஒத்திகைக்கு ரங்கம்மாளே வந்து நின்றாள், முதல் வரிசையில்.

பட்டு யாரைத்தான் விட்டது என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார். மனசுக்குள் என்னவோ அறுத்தது. நெல் விளையாத வருஷத்தில் அவர் ஊரிலும் சில வீடுகள் ஆளில்லாமல் போயின. எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதனாலேயே அந்தப் பாட்டின் மேல் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

விருந்தன்று வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. பிடில் இழைய, காகித நிலா கிறீச்சென்ற சத்தத்தோடு இறங்கியது. ஜிகினாப் படகில் திரௌபதி நின்று பாட, பட்டும் முக்காடுமாகப் பெண்கள் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். உடை மாற்றக் கிடங்கை ஒட்டிய தாழ்வாரத்தைக் கொடுத்திருந்தார்கள். சிலர் உள்ளே போவதும் சிலர் வெளியே வருவதுமாக ஒரே கலகலப்பு.

அடிமைகளை ஏற்றிப்போக வந்த கப்பலின் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். இரண்டாம் முறை பாடியபோது அவரும் சேர்ந்து “ஏலேலோ” என்றார். கிடங்குக் காவல்காரர்கள்கூட வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து, கால்விரலில் எக்கி நின்று பார்த்தார்கள். மாசிலாமணிக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறும்போது, வாசல் சிப்பாய் முக்காட்டை விலக்கிப் பார்க்கக் கை நீட்டினான். மாசிலாமணி குறுக்கே புகுந்தார்.

“துரைசானியின் பாட்டுக்காரர்கள். மேலே கை பட்டால் அம்மணிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.”

சிப்பாய் ஒதுங்கி வழிவிட்டான்.

படகுத்துறை வரைக்கும் அவரே கூட வந்தார். ஏரியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பெண்கள் ஏறிய படகுகள் தண்ணீரில் நன்றாக அமிழ்ந்து நின்றன.

“ஒருத்தனுக்கும் ஒரு வார்த்தை புரியல. தப்பிச்சோம்,” என்றார். கொஞ்சம் தயங்கினார். “ஆனா எனக்கு மனசு கேக்கல, திரௌபதி. ஒரு சேலைக்காக அந்தப் பாட்ட நீ குடுத்திருக்க வேணாம்.”

திரௌபதி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தாள். முக்காடு போட்ட ஒருத்தி நீளக் கழியை எடுத்து ஊன்ற, அவ்வளவு பாரத்தோடும் படகு ஒரே உந்தலில் கரையை விட்டு விலகியது. மாசிலாமணி அசந்துபோனார்.

“யாரும்மா அது? ஒத்திகைல பாக்கவே இல்லியே?”

தண்ணீரிலிருந்து திரௌபதியின் குரல் வந்தது.

“எங்க ஊட்டுக்காரரு, சாமி.”