சிவப்பாக இருக்கும் வரை

சற்குணத்தின் மணிக்கட்டுப் பட்டை காலையிலேயே சிவந்துவிட்டது. மனம் வாடினால் அது சிவக்கும். சிவந்தால் நல மையத்திலிருந்து மெர்சி வருவாள். பச்சையானதும் அவள் கிளம்பிவிட வேண்டும். அடுத்த வீட்டில் இன்னொரு பட்டை சிவந்திருக்கும்.

அதனால் அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவர் செத்துப்போன மனைவியையே நினைத்துக்கொண்டிருப்பார். அன்றும் அப்படித்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காபி கொடுத்தார்.

ஒரு வாய் குடித்த மெர்சி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், டிகாக்‌ஷனே ஊத்தலையா? வெறும் பாலு."

"அதான் வெள்ளையா இருக்கேன்னு பார்த்தேன்" என்றார்.

அவள் சிரித்தாள். அடக்க அடக்க அவருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. பட்டை பச்சையானது.

"நல்லதாப் போச்சு சார். வரட்டுங்களா?" மெர்சி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பாலையாவது குடிச்சிட்டுப் போம்மா."

"இன்னும் நாலு வீடு இருக்கு சார்."

கதவு மூடிக்கொண்டது. அவள் வைத்துவிட்டுப்போன பாலில் ஆடை படிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பட்டை மெல்லச் சிவந்தது. அப்பாடா, மறுபடியும் வருவாள் என்று நினைத்ததுமே மனம் துள்ளியது.

பட்டை உடனே பச்சையாகிவிட்டது.