சாகாத காவலன்

“நான் சாகமாட்டேன் சார்” என்றார் தட்சிணாமூர்த்தி.

பனி கொட்டும் வெளிநாட்டு நகரம் ஒன்றில், ரெக்ஸ்டேல் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடம். பொங்கல் விழா நாடகத்துக்கு நான்காவது ஒத்திகை. தாளைப் பார்த்து வசனம் பேசுவது அன்றோடு சரி, அடுத்த வாரத்திலிருந்து மனப்பாடம் என்று உத்தரவு.

தட்சிணாமூர்த்திக்கு ஈட்டி பிடித்த அரண்மனைக் காவலன் வேஷம். வசனம் இரண்டே வார்த்தை. “யார் அங்கே?” என்று கேட்பார். மாறுவேஷத்தில் திரும்பிவரும் ராஜா உடனே வெட்டுவார். இவர் விழவேண்டும்.

நாடகத்தை எழுதி இயக்கிய மோகனசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குக் கூடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

“போன வாரம் வரைக்கும் ஒழுங்காத்தானே செத்தீங்க?”

“யோசிச்சுப் பார்த்தேன் சார். யாருன்னு கேக்கறதுதானே வாசல்ல நிக்கறவன் வேலை? கேட்டா வெட்டுவாரா?”

“ராஜா சார் அவர். அவரையே யாருன்னு கேட்டா கோபம் வராதா?”

“மாறுவேஷத்துல வந்தா கேக்கத்தான் கேப்பான்.”

மந்திரவாதியாக நடிப்பவர் சிரித்துவிட்டார்.

மோகனசுந்தரத்தின் மனைவி வேதவல்லி ஓரமாக உட்கார்ந்து கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தாள். நாடகத்தைக் கார்பன் தாள் வைத்து ஆறு பிரதி எழுதியவள் அவள்தான்.

“மேடையிலேயும் வசனத்திலேயுமா மொத்தம் நாப்பத்தோரு பேர் சாகறாங்க. பேர் இருக்கறவங்க ரெண்டே பேர். எழுதும்போதே எண்ணினேன்” என்றாள்.

“நீ சும்மா இரு.”

“சும்மா இருந்துதான் ஆறு பிரதி எழுதினேன்.”

ராஜா வேஷக்காரர் நரசிம்மன் முன்னால் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உயரமும் குரலும் பார்த்து அவரை ராஜாவாக்கியிருந்தார்கள். ஞாயிறுதோறும் அவரை நகரத்தின் மறுகோடியான அஜின்கோர்ட்டிலிருந்து தன் காரில் அழைத்து வருவதே தட்சிணாமூர்த்திதான்.

“இது மந்திர வாள், மூர்த்தி” என்று வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கத்தியைக் காட்டினார். “உறையை விட்டு வெளியே வந்தா ரத்தம் பார்க்காம உள்ளே போகாது. அதை முதல் காட்சியிலேயே காட்டியாகணும்.”

“ராஜாவோட வாளுக்குப் பசின்னா, ராஜா தன் விரலைக் கீறிக்கட்டுமே.”

“ராஜாவா?”

“அவருக்கும் ரத்தம் இருக்குமில்ல சார்?”

மோகனசுந்தரம் பொறுமையை இழந்தார்.

“சரி, பிழைச்சுட்டீங்க. அப்புறம் என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு வேற வசனம் கிடையாது.”

“வேண்டாம். ராஜா பின்னாடி நிக்கறேன்.”

“எத்தனை காட்சிக்கு?”

“எட்டுக்கும்.”

எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு வார்த்தை பேசுகிற ஆளுக்கு ஒரு மணி பத்து நிமிஷமும் மேடையில் தெரியவேண்டுமாம்.

“ஊர்லேர்ந்து ஃபோட்டோ கேட்டிருப்பாங்க” என்றார் மந்திரவாதி.

நரசிம்மன் தட்சிணாமூர்த்தியின் தோளில் கைவைத்தார். “மூர்த்தி, ஸ்டேஜ் ஆசைன்னா நேரா சொல்லியிருக்கலாமே. இதுக்கு எதுக்கு நியாயம், தர்மம் எல்லாம்?”

தட்சிணாமூர்த்தி ஈட்டியின் நுனியைப் பார்த்தார்.

“ஆமாம் சார். ஆசைதான்.”

அந்தப் பனியில் வேறு காவலன் கிடைக்கமாட்டான். மோகனசுந்தரம் முணுமுணுத்துக்கொண்டே முதல் காட்சியைத் திருத்தி எழுதினார். வேதவல்லி ஆறு பிரதியிலும் காவலன் சாவை அடித்தாள்; நாற்பத்தொன்று நாற்பதானது.

1976 ஜனவரி பதினேழு, சனிக்கிழமை. ஒரு சர்ச்சின் ஹாலில் நாடகம். வந்தவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர்.

மாறுவேஷத்தில் வந்த ராஜா வாளை உருவினார். காவலன் கழுத்துவரை கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு அதைத் திருப்பித் தன் விரலைக் கீறிக்கொண்டார். குங்குமத் தண்ணீர் சொட்டியது. ஹாலே கைதட்டியது. தான் எழுதாத இடத்துக்கு இவ்வளவு கைதட்டலா என்று மோகனசுந்தரம் விழித்தார்.

அதன்பிறகு எல்லாக் காட்சியிலும் காவலன் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டியும் கையுமாக நின்றார். தாடியும் மீசையும் முகத்தில் பாதியை மறைத்திருந்தன. ராஜாவின் வசனங்கள் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

கடைசியில், விழா நடத்திய தமிழ்ச் சங்கத்தின் தலைவர் மேடையேறினார். நாடகத்துக்கு மைக் கிடையாது. பாராட்டுரைக்காக அப்போதுதான் ஒன்றைக் கொண்டுவந்து நரசிம்மன் முன்னால் வைத்தார்கள்.

“நூத்தித் தொண்ணூறு வசனம். ஒரு வார்த்தை பிசகலை. எப்படி சார் ஞாபகம் வெச்சுக்கிட்டீங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

நரசிம்மன் மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாய் திறந்தது; வார்த்தை வரவில்லை.

அப்போது மெல்லிய குரல் ஒன்று ஹால் முழுக்கக் கேட்டது.

“‘எல்லாம் பழக்கம்தான்’னு சொல்லுங்க சார்.”

பின்னால் நின்ற காவலன் மைக்கைக் கவனிக்கவில்லை. கூட்டம் சிரித்த பிறகுதான் கவனித்தார். சட்டென்று நகர்ந்து போகப் பார்த்தவரை நரசிம்மன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நூத்தித் தொண்ணூறும் இப்படித்தான் வந்தது” என்றார். “கார்ல சொல்லிப் பார்க்கும்போதே எனக்கு எதுவும் மனசுல நிக்காதுன்னு இவருக்குத் தெரியும். வெளியே சொல்லலை. முதல் காட்சியில இவரை வெட்டியிருந்தா, ரெண்டாவது காட்சியில நான் செத்திருப்பேன்.”