இடப்பக்கத்துப் புகைக்குழாய்

மனைவி பிச்சையம்மாளுக்குப் பரஞ்சோதி தர வேண்டிய கடன் முந்நூற்று நாற்பது வெள்ளி. அவன் அடகு வைத்து மூழ்கிப்போன அவள் சங்கிலியின் விலை அது. மலேசியாவின் திகாம் பத்து ஊரில், தவுக்கே எனப்படும் சீன முதலாளியின் வண்டிக் கடை வாசலில், காலை வெயில் பட்டு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மினுங்குகின்றன. ஒன்றுதான் வீட்டுக்கு வரும், முதல் வண்டியாக. பரஞ்சோதியின் கை நீல வண்டியின் டாங்கியைத் தடவிக்கொண்டே இருக்கிறது. "இதான் புள்ள. ரெண்டு புகைக்குழாய், சத்தமே தனி லா!" ரப்பர் பால் வாடை போகாத சேலையை இடுக்கிக்கொண்டு, பிச்சையம்மாள் அதன் பின்னிருக்கையில் ஒருபக்கமாக ஏறி உட்காருகிறாள். தொங்கும் அவள் கால்களை ஒட்டியே இடப்பக்கத்துக் குழாய் பளபளக்கிறது. "சத்தம் உங்களுக்கு, சூடு எனக்கா?" இறங்கிச் சிவப்பு வண்டியில் ஏறுகிறாள். அதற்குக் குழாய் வலப்பக்கம் மட்டுந்தான். கால்கள் தாராளமாக ஆடுகின்றன. "இத எடுங்க. சங்கிலிக் கடன் இன்னியோட தீந்துச்சு." "நெசமாவா?" "தவுக்கே சாட்சி லா." தவுக்கே சிரிக்கிறார். பரஞ்சோதியின் கை நீல டாங்கியை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுச் சிவப்பின் சாவிக்கு நீள்கிறது.